ஸ்பார்க்ஸின் 'கிமோனோ மை ஹவுஸ்' ஆல்பத்தை எப்படித்தான் ரசிப்பது?

கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஸ்பார்க்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றி எட்கர் ரைட் எடுத்த 'தி ஸ்பார்க்ஸ் பிரதர்ஸ்' ஆவணப்படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அதில் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடிய 1974ஆம் வருட ஆல்பத்தைத் தேடிப் போட்டிருக்கிறீர்கள். மூன்றாவது பாட்டைத் தாண்ட முடியவில்லை. "பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு குரல், ஒரு வார்த்தையும் பிடிபடாத வேகம், எல்லாமே கிண்டல். இதை நிஜமாகவே ரசிக்கிறார்களா, ரசிப்பதாகக் காட்டிக்கொள்கிறார்களா? எப்படிக் கேட்டால் பிடிக்கும்?" என்பது உங்கள் கேள்வி. எப்படிக் கேட்பது என்பதைவிட, இது பாட்டா, பாட்டைக் கேலி செய்யும் வேலையா என்ற சந்தேகம்தான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று நினைக்கிறேன். அதிலிருந்தே பேசுகிறேன்.

நான் பேசும் இடம் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பியானோ கற்றுக்கொடுப்பது என் தொழில். இந்த ஆல்பத்தின் பாட்டுகளைக் காதால் கேட்டு எழுதி, வாசித்து, கொஞ்சம் தேறிய மாணவர்களுக்குப் பாடமாகவும் வைத்திருக்கிறேன். ஆகவே சுருதி, குரல், மெட்டு பற்றிச் சொல்வதை ஓரளவு நம்பலாம். வரிகளுக்கு நான் சொல்லும் பொருள் என்னுடைய வாசிப்பு; வேறொருவர் வேறு மாதிரி வாசித்தால் சண்டைக்கு வர மாட்டேன். எழுபதுகளின் லண்டன் நாகரிகம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்தது மட்டுமே.

பின்னணி சுருக்கமாக. அண்ணன் ரான் மெய்ல் மெட்டும் வரிகளும் எழுதி கீபோர்டு வாசிப்பவர், தம்பி ரஸ்ஸல் பாடுபவர். இருவரும் கலிஃபோர்னியாக்காரர்கள், ஆனால் காது முழுக்க இங்கிலாந்துப் பக்கம்: தி ஹூ, தி கிங்க்ஸ், தி மூவ் போன்ற குழுக்கள். 'ஹாஃப்நெல்சன்' என்ற பெயரில், டாட் ரண்ட்கிரன் தயாரிப்பில், 1971இல் முதல் ஆல்பம் வந்தது. விற்கவில்லை. குழுவின் பெயரை ஸ்பார்க்ஸ் என்று மாற்றி அதையே மறுபடி வெளியிட்டார்கள். 1973இல் இரண்டாவது ஆல்பம், அதுவும் அமெரிக்காவில் எடுபடவில்லை. ஆனால் 1972 கடைசியில் இங்கிலாந்துக்குப் போய் வாசித்தபோது அங்கே கொஞ்சம் கவனம் கிடைத்திருந்தது. அதை நம்பி அண்ணனும் தம்பியும் பழைய குழுவை விட்டுவிட்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம், புதிதாகத் தேடிப் பிடித்த ஆங்கிலேய வாத்தியக்காரர்கள், தயாரிப்பாளராக மஃப் வின்வுட் (பாடகர் ஸ்டீவ் வின்வுட்டின் அண்ணன்). பிரிட்டன் மின்சாரப் பற்றாக்குறையில் தடுமாறிக்கொண்டிருந்த குளிர்காலம் அது. பதிவு முடிந்து ஆல்பம் 1974 மே மாதம் வெளியானது. முதல் சிங்கிள் (தனியாக விற்ற பாட்டு) பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம், ஆல்பம் 4ஆம் இடம். சொந்த நாட்டில் அதே ஆல்பம் 101ஐத் தாண்டி ஏறவில்லை.

'காட்டிக்கொள்கிறார்களா' என்ற உங்கள் சந்தேகத்துக்கு இந்த எண்களே பாதிப் பதில். ஸ்பார்க்ஸ் இன்றைக்கு விவரம் தெரிந்தவர்களின் ரகசியம் போல ஆகிவிட்டது. அன்றைக்கு அப்படி இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்காசு கொடுத்து வாங்கிய பாட்டு இது. மேடைக்கு முன்னால் பெண் பிள்ளைகள் அலறினார்கள். மான்செஸ்டரில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இந்த ஆல்பத்தைப் புகழ்ந்து என்எம்ஈ என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் அந்த வருடமே அச்சில் வந்தது. பிற்பாடு தி ஸ்மித்ஸ் குழுவில் பாடிய மோரிசிதான் அவன். முப்பது வருடம் கழித்து, 2004இல், லண்டன் மெல்ட்டவுன் இசை விழாவை நடத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோது, ஸ்பார்க்ஸை அழைத்து இந்த ஆல்பம் முழுவதையும் மேடையில் வாசிக்க வைத்தார். வேஷத்துக்கு இவ்வளவு ஆயுசு இருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, குரலுக்கு வருவோம். அந்த முதல் சிங்கிளான 'திஸ் டவுன் எய்ன்ட் பிக் இனஃப் ஃபார் போத் ஆஃப் அஸ்' (இந்த ஊர் நம் இருவருக்கும் பத்தாது) பாட்டை ரான் ஏ சுருதியில் எழுதினார், நம் கணக்கில் ஆறு கட்டை. பாடகரின் வசதிக்குச் சுருதியை இறக்கிக்கொள்வது உலகம் முழுக்க வழக்கம். ரான் இறக்கவில்லை. ஏ-வில் எழுதியதை ஏ-வில்தான் பாட வேண்டும், மெட்டுப் போடுகிறவன் நான், பாடகன் குறுக்கே வர முடியாது என்கிற பொருளில் பேட்டியிலேயே சொல்லியிருக்கிறார். தம்பியாக இருந்ததால் ரஸ்ஸலுக்கு வேறு வழியில்லை போலும். ஆக, உங்கள் காதைக் கிழித்த அந்தச் சத்தத்தைக் கோமாளித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனக்குச் சௌகரியமான எல்லைக்கு மேலே மாட்டிக்கொண்ட பாடகர், மார்புக் குரலுக்கும் கள்ளக்குரலுக்கும் (ஃபால்செட்டோ) இடையே தாவித் தாவித் தப்பிக்கிறார். அந்தத் தாவலை ஒளிக்காமல் வெளியே காட்டுவதுதான் அவர் பாணி.

வேகத்துக்கும் காரணம் கீபோர்டுதான். கிட்டாரை மடியில் வைத்து மெட்டுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் கூடவே முணுமுணுத்துக்கொண்டு போடுவார்கள், அதனால் மூச்சுக்கு இடம் தானாகவே அமைந்துவிடும். ரானின் மெட்டுகள் விரலில் பிறந்தவை. விரலுக்கு மூச்சு வேண்டாம். ஓர் அசைக்கு ஒரு சுரம் என்று இடைவெளியில்லாமல் கோத்து, நடுவில் எதிர்பாராத தாவல்களையும் வைத்துவிடுகிறார். வாசித்துப் பார்த்தால் கைக்கு இயல்பாக வருகிற இடங்கள், பாடிப் பார்த்தால் தொண்டையைப் பிடிக்கும். என் மாணவர்களை முதலில் வாசிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பாடச் சொல்வேன். சிரித்துவிடுவார்கள். சிரித்த பிறகு ரஸ்ஸல் மீது மரியாதை வந்துவிடும்.

இப்போது அந்தப் பாட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒருவன் சாதாரண இடங்களில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான்: மிருகக்காட்சி சாலையில், உள்நாட்டு விமானத்தில், தினமும் போகிற கஃபேயில். வெளியே ஒன்றும் நடக்கவில்லை. மனசுக்குள் காண்டாமிருகங்களும் யானைகளும் மிரண்டு ஓடுகின்றன, விமானம் குண்டுபோடும் விமானமாகி ஹிரோஷிமாவை நெருங்குகிறது. ஒவ்வொரு சரணத்தின் கடைசியிலும் பாட்டின் தலைப்பாக இருக்கும் பழைய கௌபாய் படத்து வசனத்தைப் பேசி நெஞ்சை நிமிர்த்துகிறான், துப்பாக்கி வெடிக்கிற சத்தம் வருகிறது. வீர வசனம் பேசுகிறவனின் குரலோ பயத்தில் கீச்சிடுகிறது. சுருதி விஷயம் பேட்டியில் பதிவானது, அதில் சந்தேகமில்லை. உயர்ந்த சுருதியும் பயந்த மனிதனும் திட்டமிட்டுப் பொருத்தப்பட்டவை என்பது என் ஊகம். திட்டமிடாமல் அமைந்திருந்தாலும் பொருத்தம் பொருத்தம்தான்.

நான் உங்களிடம் சொல்ல விரும்புகிற ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டுமானால் இதுதான்: இந்த ஆல்பத்தில் வரிகள் சிரிக்கின்றன, இசை ஒருபோதும் சிரிப்பதில்லை. பத்துப் பாட்டிலும் ஏறக்குறைய ஏதாவது ஒரு வகையில் தோற்றுப்போனவன் அல்லது அசட்டுக் கர்வம் பிடித்தவன் பேசுகிறான். 'ஹியர் இன் ஹெவன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து சாவோம் என்று ஒப்பந்தம் போட்டு, ரோமியோ சொன்னபடி செய்துவிட்டான். ஜூலியட் செய்யவில்லை. சொர்க்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கீழே உயிரோடு இருக்கிறவளைப் பார்த்துப் புலம்புகிறான். கேட்டால் சிரிப்பு வருகிற சூழல். ஆனால் அதற்குப் போட்டிருக்கும் மெட்டைத் தனியே எடுத்து வாசித்தால், நிஜமாகவே காதலியை இழந்தவனுக்குப் போட்ட மெட்டு மாதிரி இருக்கிறது. நையாண்டிப் பாட்டு எழுதுகிறவர்கள் வழக்கமாக இசையிலும் ஒரு கண்ணடிப்பு வைப்பார்கள். அசட்டு ட்ரம்போன், வேண்டுமென்றே தப்பும் ஸ்வரம், அந்த மாதிரி. இங்கே அது கிடையாது. முட்டாள் சொல்வதை இசை முழுசாக நம்பிவிடுகிறது. நீங்கள் கிண்டல் என்று கேட்ட இடத்தில் எனக்குக் கேட்பது இந்த நம்பிக்கைதான்.

'தேங்க் காட் இட்ஸ் நாட் கிறிஸ்மஸ்' இதற்கு இன்னும் நல்ல சாட்சி. ஆல்பத்திலேயே சிறந்த பாட்டு அதுதான் என்பேன். தினமும் இரவில் எங்காவது வெளியே கிளம்பிவிடும் கணவன் ஒருவன். கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும் ஊரில் எல்லாம் மூடியிருக்கும், வீட்டில் அவளோடு இருந்தே ஆக வேண்டும். இன்றைக்குக் கிறிஸ்துமஸ் இல்லை, கடவுளுக்கு நன்றி என்று பாடுகிறான். அற்பமான மனுஷன், அற்பமான நன்றி. ஆனால் பல்லவி வருகிற இடத்தில் இசை தேவாலயத்து அளவுக்கு உயர்கிறது. முதல் தடவை சிரிப்பு வரும். ஐந்தாவது தடவை அந்தக் கல்யாணத்தின் வெறுமை வந்து உட்காரும். இரண்டும் ஒரே பாட்டில் இருக்கின்றன, எது முந்தியது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஃபாலிங் இன் லவ் வித் மைசெல்ஃப் அகெய்ன்' தன்மீதே காதல் கொண்டவனின் வால்ட்ஸ், திஸ்ர நடையில் தலையை ஆட்டிக்கொண்டு போகிறது. 'ஹாஸ்டா மன்யானா மொன்சியூர்' மொழி தெரியாத பெண்ணிடம் தெரிந்த நாலு அயல்மொழிச் சொற்களை வைத்துக்கொண்டு காதல் சொல்லப் போகிறவன் பாட்டு. 'டேலன்ட் இஸ் ஆன் அசெட்' சிறுவன் ஐன்ஸ்டைனைச் சுற்றி வேலி போட்டு, வெளியாட்களை விரட்டும் பெருமைபிடித்த உறவினர்களின் பாட்டு. 'ஈக்வேட்டர்' பூமத்திய ரேகையில் சந்திப்பதாகச் சொன்ன காதலிக்காகப் பரிசுகளோடு காத்திருக்கிறவன் பாட்டு. அவள் வரவில்லை. ரஸ்ஸலின் குரல் 'ஈக்வேட்டர்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விடாமல் மேலே மேலே போகிறது. உங்களுக்கு இப்போது இதை நான் சிபாரிசு செய்யவில்லை. கடைசியில் கேளுங்கள்.

வாத்தியக்காரர்களைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. அண்ணன் தம்பி கதை அவ்வளவு சுவாரசியமாக இருப்பதால் மற்ற மூவரும் நிழலில் போய்விட்டார்கள். டிரம்ஸில் டிங்கி டைமண்ட், கிட்டாரில் ஏட்ரியன் ஃபிஷர், பேஸ் கிட்டாரில் மார்ட்டின் கார்டன். ஃபிஷர் வாசிப்பது ப்ளூஸ் சாய்வுள்ள கனமான ராக் கிட்டார். கார்டன் ரிக்கன்பேக்கர் பேஸில் கணகணவென்று தனி மெட்டாகவே வாசித்துக்கொண்டு போகிறார். மூவரும் பாட்டை ஜோக்காக நினைத்து வாசிக்கவில்லை, எந்த ராக் குழுவுக்கும் வாசிப்பது போல மும்முரமாக அடித்திருக்கிறார்கள். மேலே பறக்கிற குரலுக்கும் கீழே உறுமுகிற வாத்தியங்களுக்கும் நடுவில் இருக்கும் இழுபறிதான் இந்த ஆல்பத்தின் ருசி. முதல் இரண்டு ஆல்பங்களில் எழுத்து இதே அளவு விசித்திரம், ஆனால் கீழே இந்தக் கனம் இல்லை. அடுத்த முறை 'அமெச்சூர் அவர்' போடும்போது ரஸ்ஸலை மறந்துவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது சிங்கிளாக வந்து பிரிட்டனில் 7ஆம் இடம் வரை போன பாட்டு அது. கார்டன் அதே வருடம் குழுவிலிருந்து வெளியே அனுப்பப்பட்டுவிட்டார், அது ஒரு நஷ்டம் என்றே எனக்குப் படுகிறது.

அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சைப் பின்னணியில் கிமோனோ கட்டிய இரண்டு ஜப்பானியப் பெண்கள், ஒப்பனை கலைந்து, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அந்தப் பெண்களில் ஒருவரான மிச்சி ஹிரோட்டாதான் பிற்பாடு 1980இல் பாடகர் டேவிட் போவியின் 'ஸ்கேரி மான்ஸ்டர்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டில் ஜப்பானிய மொழியில் ஆவேசமாகப் பேசியவர்.

இந்தக் குழுவைச் சுற்றிக் கதைகள் நிறைய. ரசிப்பதற்கு முன் கொஞ்சம் உதற வேண்டியிருக்கிறது. 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பாட்டு நிகழ்ச்சியில் ரான் தன் சின்ன மீசையோடு அசையாமல் கேமராவை முறைத்தார், ரஸ்ஸல் சுருட்டை முடியோடு துள்ளினார். இது உண்மை, காட்சியே இருக்கிறது. அதை டிவியில் பார்த்த பீட்டில்ஸ் ஜான் லெனன், ஹிட்லரும் (சுருட்டை முடி ராக் பாடகர்) மார்க் போலனும் சேர்ந்து பாடுகிறார்கள் என்று தன் பழைய குழுவின் ரிங்கோவுக்கு ஃபோன் செய்தார் என்பது பிரபலமான கதை. லெனன் 1971இல் அமெரிக்கா போனவர் பிரிட்டனுக்குத் திரும்பவே இல்லை. 1974 மே மாதம் பிரிட்டிஷ் தொலைக்காட்சி அவர் வீட்டில் ஓடியிருக்க வாய்ப்பில்லை. சிரித்துவிட்டு விட்டுவிடலாம். இன்னொன்று, பிரிட்டிஷ் ராக் குழுவான க்வீன் இந்த ஆல்பத்தைப் பார்த்துத்தான் தன் பாணியைப் பிடித்தது என்பது. 1972இல் லண்டன் மார்க்கீ கிளப்பில் ஸ்பார்க்ஸுக்கு முன்னால் க்வீன் வாசித்தது நிஜம். ஆனால் 'க்வீன் II' ஆல்பம் 1973இலேயே பதிவாகி 1974 மார்ச்சில் வெளிவந்துவிட்டது, அடுக்கடுக்கான குரல்களோடும் நாடகத்தனத்தோடும். கிமோனோ வந்தது மே மாதம். ஒரே காற்றை இருவரும் சுவாசித்தார்கள் என்பதுவரை போகலாம், அதற்கு மேல் போவது ரசிகர்களின் ஆசை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்காதீர்கள். முதல் பாட்டான 'திஸ் டவுன்' புகழ்பெற்றது, ஆனால் பழக்கமில்லாத காதுக்குக் கடினமானது. 'அமெச்சூர் அவர்' முதலில், அப்புறம் 'தேங்க் காட் இட்ஸ் நாட் கிறிஸ்மஸ்'. இரண்டையும் சில நாள் ஓட விடுங்கள். பிறகு 'ஹியர் இன் ஹெவன்', வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு. வரியைப் படிப்பது தோல்வி என்று நினைக்க வேண்டாம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே ரஸ்ஸலின் பாதிச் சொற்கள் கேட்டு விளங்குவதில்லை. அதற்குப் பிறகு 'திஸ் டவுன்' போட்டுப் பாருங்கள். இயர்ஃபோனில் கேட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். பதிவில் மேல் அலைவரிசை தூக்கலாக இருப்பது என் காதுக்குத் தெரிகிறது, குரலும் அங்கேயே இருப்பதால் சின்ன இயர்ஃபோனில் ஊசி மாதிரி இறங்கும். நல்ல ஸ்பீக்கரில், ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டால் பேஸும் டிரம்ஸும் எழுந்து வந்து குரலைத் தாங்கும்.

குறையே இல்லாத ஆல்பம் என்று சொல்ல வரவில்லை. புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவனைப் பற்றிய 'கம்ப்ளெயின்ட்ஸ்' ஒரே யோசனையில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. 'இன் மை ஃபேமிலி' எனக்கு இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. எல்லாக் கதைகளும் ஆண்களின் அசட்டுத்தனம், பெண்கள் வராதவர்கள், சேர்ந்து சாகாதவர்கள், வீட்டில் காத்திருப்பவர்கள். 1974க்கு அது வழக்கம்தான் என்றாலும், பத்துப் பாட்டை ஒரே மூச்சில் கேட்டால் அலுப்புத் தட்டுகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் குரல் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன். சிலருக்கு அந்தக் குரல் கடைசிவரை ஒத்துக்கொள்வதில்லை. அப்படியானால் 1979இல் டிஸ்கோ தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடரோடு செய்த 'நம்பர் ஒன் இன் ஹெவன்' போட்டுப் பாருங்கள், அதே ரஸ்ஸல், சின்தசைசர் மேல் மிதக்கும்போது முனை மழுங்கித் தெரிகிறார். மாறாக, மெல்ல மெல்லப் பிடிக்க ஆரம்பித்தால் 1974 நவம்பரிலேயே வந்த 'ப்ரொபகாண்டா'வுக்குப் போங்கள். இதே வேகம், இன்னும் இறுக்கமான கட்டுமானம். முதல் இரண்டு ஆல்பங்களை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.